ஒன்றேமுக்கால் இஞ்ச் மாப்பிள்ளை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் இருபத்தாறு வயதில், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுகூடத் தெரியாது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தமானில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோம். சாமான் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். சின்னதாக வந்துவிட்டால் திருப்பி அனுப்பி, மாற்றி, மறுபடி கப்பலேறி வருவதற்குள் போட்டுக்கொள்ள வேண்டியவனே வளர்ந்துவிடுவான். அதனால் என் பள்ளிக்கூட ஷூவின் மூக்கில் எப்போதும் பஞ்சு இருக்கும். நான் கோயிலில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியபோது போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குள் இன்னொரு பையனுக்கும் இடம் இருந்தது. அப்பா தலையைத் திருப்பினால் அவருடைய ஹெல்மெட் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். "பெருசா இருந்தா புடிச்சுக்கலாம், சின்னதா இருந்தா என்ன செய்ய?" என்பது அம்மாவின் கொள்கை. செருப்புக்குச் சரி. பாவாடைக்குச் சரி. தண்ணீர்த் தொட்டிக்கு மிகவும் சரி. நான் அந்தக் கொள்கையைக் கார் இன்ஜினுக்குப் பொருத்திப் பார்த்தவன்.

அப்போது நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன ஷிப்பிங் அலுவலகத்தில் கிளார்க். வேலை, வருகிற பேப்பரில் சீல் குத்துவது. ரோஸ்லின் ஒரு படகுப் பட்டறையில் வேலை பார்த்தாள், டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். பட்டறைக்கு வரும் உதிரிபாகப் பெட்டிகளை எடுக்க எங்கள் கவுண்டருக்கு வருவாள். அவளுடைய பேப்பரில் மட்டும் நான் சீலைத் தலைகீழாகக் குத்துவேன், திருத்துவதற்கு மறுபடி வரட்டுமே என்று. மூன்றாவது தலைகீழ் சீலில் அவளுக்கு விஷயம் புரிந்தது. "இதுக்கு நேரடியா கேட்டிருக்கலாம்" என்றாள். கேட்டேன். சரி என்றாள். அதுவரை எல்லாம் சுலபம்.

அதற்குப் பிறகு வந்தார் சூசை மாமா.

ரோஸ்லினுக்கு அப்பா இல்லை. அம்மா ஞானம், அம்மாவின் தம்பி சூசை. வண்டூரில் மூன்று மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர். தாய்மாமன் என்கிற முறையில் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. என்னைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "பேப்பர்ல சீல் குத்துதவனுக்கா நம்ம புள்ளையக் குடுக்கது?" என்று கேட்டிருக்கிறார். தூத்துக்குடியில் ஒரு விசைப்படகுக்காரர் மகனை வேறு பார்த்து வைத்திருந்தார். ரோஸ்லின் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்த பிறகு இறங்கி வந்து, ஈஸ்டர் முடிந்து ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் தலையாட்டினால் உண்டு. இல்லையென்றால் தூத்துக்குடிதான்.

"மாமாட்ட ஒரு கிறுக்கு இருக்கு" என்று ரோஸ்லின் எச்சரித்தாள். "இன்ஜின் சத்தத்தைக் கேட்டே அதை ஓட்டுத ஆளு எப்படின்னு சொல்லிருவாரு. அதனால நீ பேசாம டாக்ஸி புடிச்சு அனுப்பு."

ஒரு பெண் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு புத்தியுள்ள எவனும் டாக்ஸி பிடித்திருப்பான். எனக்கோ, அடடா, இதுவல்லவா வாய்ப்பு என்று தோன்றியது. பேப்பரில் சீல் குத்துகிறவனாம்! என் இன்ஜின் சத்தத்தைக் கேட்டதும் மனிதர் வாயடைத்துப் போகட்டும்.

ஏனென்றால் என்னிடம் ஒரு கார் இருந்தது. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி விட்டுப்போனது. அவருக்கும் முன்னால் இரண்டு அதிகாரிகள் விட்டுப்போனது. மூன்று சிலிண்டர், வெள்ளை நிறம் (ஆர்சி புக்கின்படி). கதவை அடித்துச் சாத்தினால் துருத் தூள் கொட்டும். அதை நான் 'மாடிஃபை' செய்துகொண்டிருந்தேன். ஏர் ஃபில்டரை மாற்றியாயிற்று. பெரிய கார்புரேட்டர் ஒன்று வைத்தாயிற்று. கேம்ஷாஃப்டையும் மாற்றியாயிற்று (மாற்றியது மெக்கானிக் பிஸ்வாஸ் தாதா, நான் டார்ச் பிடித்தேன்). மிச்சம் இருந்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினில் எரிந்து முடிந்த புகை வெளியே வருகிற முதல் குழாய்க் கொத்துக்குத்தான் அந்தப் பெயர். மூன்று சிலிண்டருக்கு மூன்று குழாய். மூன்றும் கீழே ஒன்றாகச் சேர்ந்து சைலன்ஸருக்குப் போகும். இந்தக் குழாய் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. அந்தச் சூட்சுமத்தை நான் ஒரு வீடியோவில் கற்றேன்.

கடலடிக் கேபிள் வருவதற்கு முந்தைய காலம் அது. எங்கள் தீவில் இன்டர்நெட் கப்பலைவிட மெதுவாக வரும். ஒரு பத்து நிமிட வீடியோவைத் திறந்து வைத்துவிட்டு அபர்டீன் பஜாருக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால் மூன்று நிமிடம் சேர்ந்திருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் ஒருவர், "பெரிய குழாய் போட்டால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும், மேல் வேகத்தில் பவர் கூடும், ஆனால்" என்றார். அதோடு வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அரை மணி நேரம் சுற்றியது. நான் மூடிவிட்டேன். அந்த 'ஆனால்' எனக்கு வந்து சேர இன்னும் ஏழு வாரம் ஆனது. வந்து சேர்ந்த விதம்தான் இந்தக் கதை.

சென்னையில் ஒரு கடைக்கு போன் போட்டேன். எடுத்தவர் பொறுமைசாலி.

"எத்தனை சிசி சார்?"

சொன்னேன். என்னென்ன மாற்றியிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"அப்ப ஒன்னேகால் இஞ்ச் குழாய் போதும் சார்."

'போதும்' என்கிற வார்த்தையை எந்த அந்தமான்காரனும் நம்ப மாட்டான். "ஒன்னரை போட்டா?" என்றேன்.

"வேணாம் சார். கீழ இழுவை போயிடும்."

"சரி, ஒன்னேமுக்காலாவே அனுப்பிருங்க."

"சார், நான் வேணாங்கறேன், நீங்க ஏலம் கேக்குற மாதிரி ஏத்திட்டே போறீங்க."

"இல்லண்ணே, நான் போர்ட் பிளேர்ல இருக்கேன். சின்னதா வந்துட்டா திருப்பி அனுப்ப முடியாது."

அதற்கு அவர் சொன்னார்: "சார், இது ஸ்கூல் யூனிஃபார்ம் இல்ல சார். இன்ஜின் வளராது."

எத்தனை அருமையான வாக்கியம்! பொறித்து வைக்க வேண்டியது. நானோ, இந்த ஆளிடம் பெரிய சைஸ் ஸ்டாக் இல்லை போலிருக்கிறது, அதனால்தான் தட்டிக் கழிக்கிறார் என்று முடிவு கட்டினேன். விடாப்பிடியாக நின்று ஒன்றேமுக்காலையே வாங்கினேன்.

பெட்டி கப்பலில் வந்து எங்கள் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. என் கையாலேயே சீல் குத்தினேன், நேராக. பிரித்துப் பார்த்தால், மூன்று பளபளக்கும் ஸ்டீல் குழாய்கள் தும்பிக்கை மாதிரி வளைந்து நிற்கின்றன. அன்று சாயங்காலம் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வீட்டார் எல்லாருக்கும் காட்டினேன். அம்மா தடவிப் பார்த்து, "நல்லா பெருசாத்தான் இருக்கு" என்று திருப்தியாகச் சொன்னார்.

பிஸ்வாஸ் தாதா அதைப் பார்த்ததும் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அரே சேவி, இத்னா மோட்டா? ஜஹாஜ் மே லகாயேகா க்யா?" என்றார். (இவ்வளவு தடியா, கப்பலில் மாட்டப் போகிறாயா என்று அர்த்தம்.) நியாயமான கேள்வி. இன்ஜினில் இருந்த ஓட்டையை ஒரு நெல்லிக்காய் வைத்து அடைத்துவிடலாம். குழாய்க்குள் ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு போகும். இரண்டையும் சேர்த்து உட்கார வைக்க தாதா ஒரு நாள் முழுக்க இரும்புத் தகட்டை அறுத்தார், ராவினார், திட்டினார். பழைய மேனிஃபோல்டை என்ன செய்ய என்று கேட்டார். கபாடிக்கு, அதாவது பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

சத்தம் இருக்கிறதே, அதைப் பற்றி எனக்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. நாங்கள் இருப்பது லம்பா லைனில், விமானம் கூரையை உரசிக்கொண்டு இறங்குகிற இடம். விமானத்துக்கே தலை தூக்காத எங்கள் ஏரியாக்காரர்கள் என் காருக்குத் தலை தூக்கினார்கள். சமதளமான ரோட்டில், தனியாக, நீண்ட ஓட்டம் விட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் கொஞ்சம் சோம்பினாலும் வேகம் பிடித்த பிறகு பறந்தது. எங்கள் வீடு மேட்டின் மேல் இருக்கிறது. ஆனால் சந்தில் வடிகால் வேலை நடந்துகொண்டிருந்ததால் பத்து நாளாக வண்டியைக் கீழே ரோட்டோரம்தான் நிறுத்தியிருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சந்தைத் திறந்துவிட்டார்கள். சனிக்கிழமை சூசை மாமா.

காலையில் வண்டூருக்குக் கிளம்பினேன். வழியில் ஏற்றங்கள் வந்தபோது இன்ஜின் லேசாக முனகியது. புதுசுதானே, பழகிவிடும் என்று நினைத்தேன்.

வண்டூரில் மூன்று பேர் தயாராக நின்றார்கள். சூசை மாமா, ஞானம் அத்தை, வெள்ளை வேட்டியில் உபதேசியார். எங்கள் ஆட்களில் இந்த மாதிரி காரியத்துக்குக் கோயில் உபதேசியார் கூட வருவது வழக்கம், நாளைக்கு யாரும் பேச்சு மாறாமல் இருக்க. மூன்று பேரையும் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தேன். நாலாவதாக ஒரு மீன் இருந்தது.

சூரை. என் இடுப்புக்கு மேல் உயரம். வெறுங்கையோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகக் கூடாது என்று அன்று விடியற்காலை மாமாவே பிடித்து வந்தது. ஐஸ் பெட்டியில் முக்கால்வாசிதான் அடங்கியது. வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் டிக்கியை மூட முடியாமல் கயிறு போட்டுக் கட்டினோம். மாமா முன் சீட்டில் உட்கார்ந்ததும் கார் அவர் பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. ரோஸ்லின் வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காரைப் பார்த்து அல்ல, அதன் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வழி நெடுக மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. காதை இன்ஜின் பக்கம் சாய்த்துக் கேட்டபடியே வந்தார். நான் அதைப் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டேன். பின் சீட்டில் உபதேசியார் ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. "என்ன உபதேசியாரே?" என்று கத்தினேன். ஞானம் அத்தை என் காதருகே வந்து, "ஒண்ணுமில்ல தம்பி, ஜெபமால சொல்லுதாரு" என்றார்.

பெரிய ரோட்டு மேடுகளை எல்லாம் தூரத்திலிருந்தே வேகம் எடுத்து ஓடி வந்து ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் கார் கிட்டத்தட்ட நின்று, யோசித்து, பிறகு இறங்கியது. இப்படியே லம்பா லைன் வந்துவிட்டது. எங்கள் சந்து வந்துவிட்டது. முந்நூறு அடி தூரம், செங்குத்தான ஏற்றம், மேலே வலது பக்கம் எங்கள் வீடு. வேகம் எடுக்கலாம் என்று பார்த்தால் சந்தின் வாயிலேயே ஒரு மாடு படுத்திருந்தது. ஹாரன் அடித்தேன். மாடு எழுந்து, நிதானமாகப் போனது. அதற்குள் கார் நின்றுவிட்டது. இனி நின்ற இடத்திலிருந்து ஏற வேண்டும்.

முதல் கியர் போட்டேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சத்தம் மேலே போனது. கார் கீழே போனது.

மறுபடி மிதித்தேன். இப்போது சத்தம் சந்து முழுவதும் நிறைந்து, இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. கார் ஒரு முழம் ஏறி, இரண்டு முழம் இறங்கியது. கிளட்ச் கருகிய வாசனை வந்தது. பின்னால் ஐஸ் பெட்டியிலிருந்து மீன் தண்ணீர் வழிந்து ரோட்டில் கோடு போட்டது. மூன்றாவது முறை மிதித்தபோது புகை எழும்பியது. ஞானம் அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

சூசை மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "எறங்குவோம்" என்றார்.

இறங்கி நின்று காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எடே, எங்க வள்ளத்து இன்ஜின்கூட இப்பிடிக் கத்தாது. ஆனா அது போவும்" என்றார்.

நான் தள்ளலாமா என்று இழுத்தேன். "பொண்ணு வீட்டுக்காரன் மாப்பிள்ள வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாம்னு ஊருல சொல்லணுமோ?" என்றார். நடக்கலாம் என்றால் அவருக்கு முட்டி வலி, அத்தைக்கு மூச்சிரைப்பு, உபதேசியாருக்குப் புதுச் செருப்பு. உச்சி வெயில். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குத் தூத்துக்குடி விசைப்படகு கண்ணுக்குத் தெரிந்தது. அதில் ரோஸ்லின் ஏறிப் போவதும் தெரிந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இந்தப் பெண்ணை இந்தச் சனியன் பிடித்த குழாயால் இழக்கப் போகிறேன் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அந்த நேரம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினால் ரோஸ்லின். பட்டறைக்கு மத்தியான ஷிப்டுக்குப் போகிறவளை அவள் அம்மா போன் போட்டுத் திருப்பிவிட்டிருக்கிறார்.

"நீ எதுக்குடி வந்த?" என்றார் மாமா. "நிச்சயத்துக்கு முந்தி பொண்ணு மாப்பிள்ள வீட்டுப் படிய மிதிக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"படிய மிதிக்க மாட்டேன் மாமா. உங்கள ஒவ்வொருத்தரா வாசல்ல எறக்கி விட்டுட்டு அப்படியே போயிருதேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். தனியாக இருந்தால் என்னை 'நீ' என்பாள். மாமா எதிரில் 'நீங்க'. அந்த 'நீங்க'வில் கொலைவெறி இருந்தது.

"குழாய் எத்தன போட்டிருக்கீங்க?"

"ஒன்னேமுக்கால்."

"இஞ்சா, அடியா?"

நான் தலை குனிந்தேன். அவள் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தாள். "இளநிய ஸ்ட்ரால உறிஞ்சுவீங்களா, பிவிசி பைப்புல உறிஞ்சுவீங்களா? பெரிய குழாய்ல புகை மெதுவாப் போவும், இன்ஜினுக்கு இழுவை வராது. எப்ப வரும் தெரியுமா? ரொம்ப வேகமாச் சுத்தும்போது மட்டும் வரும். அதுக்கு நேர் ரோடு வேணும். இந்தத் தீவுல நேர் ரோடு ரன்வே மட்டும்தான் இருக்கு. அங்க போய் ஓட்டுங்க." இப்படியாக, ஏழு வாரம் தாமதமாக, அந்த 'ஆனால்' எனக்கு வந்து சேர்ந்தது.

"இன்ஜின் ஓட்டைய அளந்து பாத்தீங்களா?" என்றாள்.

"அளக்கல."

"வேற எத அளந்தீங்க?"

எதையும் அளக்கவில்லை என்பதை அவள் புரிந்துகொண்டாள்.

போக்குவரத்து ஆரம்பமானது. முதல் நடை ஞானம் அத்தை, பக்கவாட்டில் உட்கார்ந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு. இரண்டாவது நடை உபதேசியார், ஜெபப் புத்தகத்தைத் தலைக்கு மேல் வெயிலுக்குப் பிடித்தபடி. மூன்றாவது நடை சூசை மாமா. அவர் ஏறி உட்கார்ந்ததும் ஸ்கூட்டரின் பின் சக்கரம் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சின்ன ஸ்கூட்டர், ரோஸ்லினையும் அவரையும் சுமந்துகொண்டு, அலட்டாமல், முக்காமல், ஒரே சீராக மேடேறிப் போய்விட்டது. நான் என் கார் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். ஜன்னல்களில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

நாலாவது நடை மீன். கால் வைக்கிற இடத்தில் பெட்டியை வைத்து, வாலை மடியில் போட்டுக்கொண்டாள். "முதல் கியர விட ரிவர்ஸுக்கு இழுவ கூட. ஆள் இல்லாத வண்டிதான, திருப்பிப் போட்டு ரிவர்ஸ்ல வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா இல்லாததால் 'வா'.

அடுத்து மேலே நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். மூன்று விருந்தாளிகளும் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அப்பா அவர்களிடம் வானிலை பேசிக்கொண்டிருக்கிறார். அம்மா வாசலுக்கு வந்தால், ஹெல்மெட் போட்ட ஒரு பெண் பெரிய மீனோடு நிற்கிறாள். ரோஸ்லினை அம்மா போட்டோவில்தான் பார்த்திருக்கிறார், பட்டுப் புடவையில், பூ வைத்து. இது யாரோ மீன் கொண்டுவந்து போடுகிற பெண் என்று நினைத்துவிட்டார். மதில் மேல் இரண்டு பூனை வேறு.

"ஏம்மா, நின்னு வேடிக்க பாக்காத. நான் தலையப் புடிக்கேன், நீ வாலப் புடி. சல், ஜல்தி, சீக்கிரம்!"

"ஆன்ட்டி, நான் உள்ள வரக் கூடாது..."

"பூன தின்னு போட்டா யாரு பதில் சொல்லது? தூக்குடி!"

அவள் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் மீனோடு படியேறி, விருந்தாளிகளைக் கடந்து, நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார்கள். முன்னறையில் சூசை மாமாவின் கையிலிருந்த காபி அப்படியே நின்றுவிட்டதாம்.

இது எதுவும் தெரியாமல் நான் கீழே காரைத் திருப்பிப் போட்டேன். கழுத்தை முறுக்கிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு ரிவர்ஸில் ஏற்றினேன். ஏறியது! மனிதன் நடக்கிற வேகத்தில், ஊரையே எழுப்புகிற சத்தத்தில், கயிறு அவிழ்ந்த டிக்கி கதவு மேலும் கீழும் ஆடியபடி, பின்பக்கமாக என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தேன். வழியில் ஒருவர் கைதட்டினார். ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து யாரோ "ஸாப், கேட் உதர் ஹை!" என்று, கேட் அந்தப் பக்கம் இருப்பதாக, வழி காட்டினார்கள். வாசலில் அம்மாவின் குரோட்டன்ஸ் தொட்டி இரண்டை இடித்த பிறகுதான் நின்றேன்.

உள்ளே போனேன். சமையலறையிலிருந்து செதில் சுரண்டும் சத்தம் மட்டும் வருகிறது. சூசை மாமா என்னைப் பார்த்தார்.

"உன் இன்ஜின் சத்தத்த வண்டூர்லேருந்து கேட்டுக்கிட்டு வாரேன்" என்றார். "ஆளு எப்பிடின்னு தெரிஞ்சு போச்சு. சத்தம் மட்டும்தான். எனக்கு உன்னயப் புடிக்கல."

அம்மா கதவோரம் வந்து நின்றார். எனக்கு உட்காரவும் தோன்றவில்லை. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் வேதனை.

மாமா காபியைக் கீழே வைத்தார். "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுப் பொண்ணு நிச்சயத்துக்கு முந்தி மாப்பிள்ள வீட்டுப் படிய மிதிச்சதா சரித்திரம் கெடையாது. இப்ப மிதிச்சுட்டா. ஒங்க அம்மையும் வாலப் புடிக்கச் சொல்லி உள்ளாற கூட்டிட்டுப் போயிட்டாங்க. இனி இந்தப் பொண்ண நிச்சயம் பண்ணாம இந்தப் படிய விட்டு எறக்கி, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குப் போவேன்?" பிறகு பெருமூச்சு விட்டார். "உபதேசியாரே, ஜெபத்த ஆரம்பிங்க. வேற வழி இல்ல."

அம்மாவுக்கு அப்போதுதான் சமையலறையில் இருப்பது யார் என்று புரிந்தது. "ஐயோ, மருமவளையா வாலப் புடிக்கச் சொன்னேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

தட்டு மாற்ற வேண்டும். நிச்சயம் செய்கிற எண்ணத்தோடு வராதவர்களிடம் பூ ஏது, பழம் ஏது? அவர்கள் கொண்டு வந்தது சூரை ஒன்றுதான். பாதி சுரண்டிய நிலையில், அலுமினியத் தாம்பாளத்தில், தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் தொங்க, அதைச் சூசை மாமா இரண்டு கையாலும் ஏந்தி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா பதிலுக்கு ஒரு தட்டில் கிரீம் பிஸ்கெட்டை அடுக்கிக் கொடுத்தார். உபதேசியார் கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார். ரோஸ்லின் பட்டறை யூனிஃபார்மில், கையெல்லாம் செதிலோடு என் பக்கத்தில் நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாத, அந்தக் குழாய மொதல்ல கழட்டு" என்று காதோரம் சொன்னாள்.

கழற்றினோம். அவள் கையில் அளவுகோலை எடுத்து இன்ஜின் ஓட்டையை அளந்து, தானே சென்னைக்கு போன் போட்டாள். அதே பொறுமைசாலிதான் எடுத்திருக்கிறார். "ஒன்னேகால்" என்றாளாம். "மேடம், நீங்களும் போர்ட் பிளேரா?" என்று சந்தேகத்தோடு கேட்டாராம். அந்தக் குழாய் வந்த பிறகு கார் எங்கள் சந்தில் பூனை மாதிரி ஏறியது.

ஆனால் அதை யாரும் நம்பவில்லை. கல்யாணத்தன்று காரை அலங்கரித்தவர் சூசை மாமா. பின் டிக்கியில் பூமாலையும் ரிப்பனும் கட்டி, 'புதுமணத் தம்பதிகள்' என்கிற போர்டை முன் கண்ணாடியில் மாட்டிவிட்டார். ஏன் மாமா என்று கேட்டேன். "நீ எந்தப் பக்கமா வருவேன்னு எனக்குத் தெரியும்டே" என்றார். கோயில் மேட்டில் நான் காரை நேராக ஏற்றியபோது, இரண்டு பக்கமும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்த உறவினர்கள் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். காரில் போகும்போது மேடு வந்தால் என் மனைவி, மக்கள், மாமியார் எல்லாரும் சீட்டில் அப்படியே பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மேடு முடிந்ததும் முன்பக்கம் திரும்பிவிடுவார்கள்.

போன மாதம் பெரியவள் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவளுக்கு ஏழு வயது. 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொன்னதற்கு, ஒரு காரில் நாங்கள் எல்லாரும் பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பது போல வரைந்திருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "சடாயி ஹை மேம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஏற்றமாம்.

டீச்சர் இளம் பெண், பெங்காலி, வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மாயாபந்தரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். குழந்தைக்கு ஏதும் குழப்பமில்லை, இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்று இந்தியில் விளக்கத் தொண்டையைச் செருமினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரிவர்ஸ்வாலா தூல்ஹா, ஆப் ஹை?"

அந்த ரிவர்ஸ் மாப்பிள்ளை நீங்கள்தானா என்கிறார். மாயாபந்தர் எங்கே, லம்பா லைன் எங்கே! என் கார் ஏறாத மேடுகளை எல்லாம் ஏறி, எங்கும் நிற்காமல், அந்தக் கதை அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது.